மழைக்கு முன் மளிகைப் பை: 120 வீடுகளிலிருந்து 40 குடும்பங்களுக்கு

கேள்வி: சென்னைப் புறநகரில் 120 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், பக்கத்தில் இருக்கும் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் சேகரித்துக் கொடுக்க நினைக்கிறோம். வீட்டுக்கு 5 கிலோ அரிசி கேட்கலாம் என்பது சங்கத்தின் யோசனை. எப்படித் தொடங்குவது?

முதலில் அந்த அரிசி யோசனையைக் கைவிடுங்கள். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அரிசி கார்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு, ஆள் எண்ணிக்கையைப் பொறுத்து, மாதாமாதம் அரிசி கிடைத்துவிடுகிறது. மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டு என்றால் 35 கிலோ. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் 30 ரூபாய்க்கு 1 கிலோ துவரம்பருப்பும் 25 ரூபாய்க்கு 1 லிட்டர் பாமாயிலும் உண்டு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அந்த 1 கிலோ பருப்பை 30 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 33 கிராம் வரும், மொத்த வீட்டுக்கும் சேர்த்து. ஒரு கைப்பிடி. அரிசி இருக்கிறது, அதன்மேல் ஊற்றிக்கொள்ள எதுவும் இல்லை என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் நிலை. பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த்தூள், டீத்தூள், சோப்பு ஆகியவைதான் கைக்காசில் வாங்கப்படுகின்றன. மழையில் வேலை நின்றால் முதலில் நிற்பதும் இவைதான். 120 வீடுகளிலும் அரிசி வாங்கினால் 600 கிலோ சேரும். அதில் ஒரு பகுதி அடுத்த வாரமே தெருமுனையில் விற்பனைக்கு வரும். விற்பவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் அரிசியை விற்றுப் பருப்பு வாங்குகிறார்கள்.

ஆகவே வேலை தொடங்கும் இடம் உங்கள் குடியிருப்பின் வாசல் அல்ல, அந்தக் குடும்பங்கள் இருக்கும் தெரு. யாருக்கு என்ன இல்லை என்று தெரிந்த பிறகு சேகரிப்பை அறிவியுங்கள்.

பட்டியல் எடுப்பது

சேகரிப்புக்கு மூன்று வாரம் முன்பே இதைத் தொடங்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர், சுகாதாரச் செவிலியர், மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், ரேஷன் கடை விற்பனையாளர் ஆகிய ஐவரில் மூவரிடமாவது தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால் அவருடைய சொந்தக்காரர்கள் பட்டியல் வரும். மூவர் பட்டியலிலும் வரும் பெயர்களைத் தயங்காமல் சேர்க்கலாம். ஒரே ஒருவர் மட்டும் சொன்ன பெயர் என்றால் நேரில் போய்ப் பாருங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள், கணவனை இழந்தவர்கள், படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீடு ஆகியவை பெரும்பாலும் யார் பட்டியலிலும் வராது. அந்த வீடுகளைப் பற்றி அங்கன்வாடியில் தனியாகக் கேளுங்கள். உங்கள் குடியிருப்பிலேயே வீட்டு வேலை, காவல், தூய்மைப் பணி செய்பவர்கள் இருப்பார்கள். அவர்களைச் சேர்ப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். என் கருத்தில் சேர்க்கலாம், ஆனால் பொருளை அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். வேலை செய்யும் வீட்டு வாசலில் கையில் திணித்தால் அது தீபாவளி இனாம் கணக்கில் போய்விடும், போனஸும் குறையும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு விவரங்கள் போதும்: எத்தனை பேர், 2 வயதுக்குக் கீழ் குழந்தை உண்டா, எந்த வகை ரேஷன் கார்டு (அரிசி கார்டா, சர்க்கரை கார்டா, கார்டே இல்லையா), அடுப்பு எது, யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா, மாலையில் எத்தனை மணிக்கு ஆள் இருப்பார்கள். ஆதார் எண், வருமானம், சாதி எதையும் கேட்க வேண்டாம். உங்களுக்கு அவை தேவையில்லை, கேட்டால் அரசாங்கத் திட்டம் என்று நினைத்து அடுத்த நாள் நூறு பேர் வருவார்கள்.

அடுப்பைப் பற்றிய கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கேஸ் தீர்ந்து, சிலிண்டர் வாங்கக் காசில்லாத வீட்டுக்குப் பருப்பு கொடுத்துப் பயனில்லை. மழையில் விறகும் நனைந்திருக்கும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, வாழைப்பழம், ரொட்டி ஆகியவையே சரி. இல்லையென்றால் ஒரு சிலிண்டருக்கான பணத்தைச் சங்கமே கட்டிவிடலாம், அது இரண்டு மளிகைப் பைகளைவிடப் பெரிய உதவி. கிரைண்டர், மிக்ஸி இல்லாத வீட்டுக்கு உளுந்தும் அப்படித்தான், டப்பாவில் கிடக்கும்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் அறைகள் இருந்தால் அவற்றுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். பீகார், உத்தரப் பிரதேசக்காரர்கள் கோதுமை மாவும் உருளைக்கிழங்கும் கடுகெண்ணெயும் கேட்பார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்தவர் புழுங்கலரிசி சாப்பிடுவார்கள். சாம்பார்ப் பொடியும் அரைக் கிலோ புளியும் இரு தரப்புக்கும் உபயோகமில்லை. சொந்த ஊர் ரேஷன் கார்டு உள்ளவர்கள் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ ஏற்பாட்டில் இங்குள்ள கடையிலேயே கைரேகை வைத்துத் தங்கள் பங்கு தானியத்தை வாங்கலாம். தமிழ்நாட்டில் இது 2020 அக்டோபரில் வந்தது. அவர்களில் பலருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் மொழி தெரியாமல் கடைக்குப் போகத் தயங்குவார்கள். இந்தி தெரிந்த ஒருவர் ஒரு சனிக்கிழமை அவர்களோடு கடைக்குப் போய் வருவது, நீங்கள் தரப்போகும் 15 நாள் பொருளைவிட நீண்ட நாள் உதவும்.

பையில் என்ன, எவ்வளவு

இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், அரிசி கார்டு உள்ள குடும்பம், 15 நாட்கள் என்று வைத்துக்கொண்டால்:

துவரம்பருப்பு 2 கிலோ
பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை தலா அரை கிலோ
சமையல் எண்ணெய் 1 லிட்டர் பாக்கெட் 2
புளி அரை கிலோ
மிளகாய்த்தூள், மல்லித்தூள் தலா 200 கிராம்
மஞ்சள்தூள் 100, கடுகு 100, சீரகமும் மிளகும் சேர்த்து 100 கிராம்
ரவை 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, உப்பு 1 கிலோ
டீத்தூள் 250 கிராம்
குளியல் சோப்பு 2, துணி சோப்பு 1, நாப்கின் 1 பாக்கெட்

இதன் எடை ஏறத்தாழ 10 கிலோ. இதற்குமேல் போனால் வயதானவர்களால் தூக்க முடியாது, பையின் காதும் அறுந்துவிடும். சர்க்கரை நோய் உள்ள வீட்டுப் பையில் சர்க்கரையையும் ரவையையும் எடுத்துவிட்டு, பாசிப்பருப்பையும் கடலையையும் கூட்டுங்கள். அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சர்க்கரையை விட்டுவைக்கலாம், வேண்டுமா என்று அவர்களையே கேட்பது நல்லது.

கார்டே இல்லாத குடும்பத்துக்கு மட்டும் அரிசி. இதே அளவுள்ள வீட்டுக்கு நாளைக்கு 1.2 கிலோ பிடிக்கும், 15 நாளுக்கு 18 கிலோ. சிறு பொட்டலம் போடாமல் ஒரு மூட்டையாகவே கொடுத்துவிடலாம். கடைகளில் இப்போது 26 கிலோ மூட்டை பரவலாகக் கிடைக்கும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய அரிசி மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி வரியைத் தாண்டிவிட்டார்கள். பச்சரிசியா புழுங்கலா என்று கேட்டு வாங்குங்கள். பொன்னி பச்சரிசி விலை கூடுதலாக இருக்கும், ஆனால் தினச் சாப்பாட்டுக்குப் புழுங்கல் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அது ஒத்துவராது.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பால்பவுடர், பால் புட்டி தருகிறேன் என்று யாராவது ஆர்வமாக வருவார்கள். பச்சைக் குழந்தைகளுக்கான தாய்ப்பால் மாற்றுப் பவுடரையும் புட்டியையும் அநாதை இல்லங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் இலவசமாக விநியோகிப்பதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. காரணம் எளிது. தாய்ப்பால் குறையும், பவுடர் தீர்ந்ததும் வாங்கக் காசிருக்காது, வெள்ள நேரத்தில் கொதிக்கவைத்த தண்ணீரும் கிடைக்காது. தாய்க்கு நல்ல சாப்பாடு போய்ச் சேருவதைப் பாருங்கள்: கூடுதலாக அரை கிலோ வேர்க்கடலை, ஒரு டஜன் முட்டை.

பணமா பொருளா

பொருளாகக் கேட்டால் மக்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள், ஆனால் எல்லோரும் ஒன்றையே தருவார்கள். பணமாகக் கேட்டால் மொத்த விலைக்கு வாங்கலாம், ஆனால் பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். இரண்டையும் கலப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு பொருள் எழுதிய சீட்டு கொடுங்கள். 120 சீட்டுகளை இப்படிப் பிரிக்கலாம்: 40 வீட்டுக்குத் துவரம்பருப்பு 2 கிலோ, 30 வீட்டுக்கு எண்ணெய் 2 பாக்கெட், 20 வீட்டுக்கு ரவை 1 கிலோவும் சர்க்கரை 1 கிலோவும், 15 வீட்டுக்குக் கடலை வகை 2 கிலோ, 15 வீட்டுக்குச் சோப்பும் நாப்கினும்.

பாதி வீடுகள்தான் தரும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 40 குடும்பங்களுக்குத் தேவை 80 கிலோ துவரம்பருப்பு, 80 பாக்கெட் எண்ணெய். சீட்டில் வரக்கூடியது 40 கிலோவும் 30 பாக்கெட்டும். மீதி 40 கிலோவையும் 50 பாக்கெட்டையும் பணத்தில் வாங்க வேண்டும். ரவை, சர்க்கரையில் தலா 30 கிலோ குறையும். இந்த இடைவெளி முன்பே தெரிந்தால் எவ்வளவு பணம் திரட்ட வேண்டும் என்பதும் தெரியும். பொடி வகைகள், புளி, டீத்தூள், உப்பு ஆகியவற்றைச் சீட்டில் போடவே வேண்டாம், மொத்தமாக வாங்குங்கள். ஆளுக்கொரு கம்பெனியாக, ஆளுக்கொரு அளவாக வந்தால் ஒரு பையில் 500 கிராம் டீத்தூளும் அடுத்ததில் 100 கிராமும் போகும். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டாயம் பிரித்துப் பார்த்து ஒப்பிடுவார்கள். மனக்கசப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

கடையில் வாங்குவது கடைசி வேலையாக இருக்கட்டும். பொருள் எல்லாம் வந்து சேர்ந்து, எண்ணி முடித்த பிறகு, குறைவதை மட்டும் வாங்குங்கள். பணம் வந்த ஆர்வத்தில் முதல் நாளே மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டு, பிறகு சீட்டிலும் அதே பொருள் வந்து குவிவது வழக்கமாக நடக்கும் தப்பு. சென்னையில் என்றால் கோயம்பேடு உணவு தானிய அங்காடியில் பருப்பு, புளி, மிளகாய் மூட்டை விலைக்குக் கிடைக்கும். ஆனால் வண்டி வாடகையையும் சேர்த்துப் பாருங்கள், 40 குடும்ப அளவுக்கு உங்கள் பகுதியின் பெரிய மளிகைக் கடைக்காரரே அதைவிடக் குறைவாகப் போட்டுத் தரக்கூடும். 1 கிலோ, அரை கிலோ என்று கடையிலேயே பொட்டலம் போட்டு வாங்குங்கள். நீங்கள் மூட்டையைப் பிரித்து நிறுத்திக் கட்டத் தொடங்கினால் ஒரு நாள் முழுக்க அதற்கே போகும், மிளகாய்த்தூள் தும்மலில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள்.

சீட்டில் எழுத வேண்டியது நாலு வரி: பிரிக்காத பாக்கெட் மட்டும், காலாவதித் தேதிக்கு இன்னும் மூன்று மாதமாவது இருக்க வேண்டும், கண்ணாடி பாட்டில் வேண்டாம், வாங்க நேரமில்லாதவர்கள் இந்தத் தொகையைச் சங்கக் கணக்கில் போடலாம். ‘உங்களால் இயன்றதை’ என்று எழுதாதீர்கள். இயன்றதைக் கேட்டால் சமையலறை அலமாரியின் மேல்தட்டு காலியாகி உங்களிடம் வரும்: பாதி தீர்ந்த ஓட்ஸ், போன வருடத்து நூடுல்ஸ், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பாஸ்தா சாஸ்.

எந்த வாரம்

சம்பளம் வந்த முதல் வாரத்தில் சேகரியுங்கள், அதாவது 1ஆம் தேதியிலிருந்து 7க்குள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும், சென்னையில் கனமழை நவம்பர், டிசம்பரில்தான் அதிகம். அக்டோபர் முதல் ஞாயிறு சேகரிப்பு, அன்றிரவே எண்ணிக்கை, செவ்வாய்க்குள் கொள்முதல், சனி காலை பை கட்டுதல், சனி மாலையும் ஞாயிறும் விநியோகம் என்று ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள். பொருள் உங்கள் கையில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது. அடித்தளத்தில் அடுக்கிவைத்துக்கொண்டு மழை வந்ததும் கொடுப்போம் என்று சிலர் சொல்வார்கள். மழை வந்தால் முதலில் தண்ணீர் போவது அந்த அடித்தளத்துக்குத்தான். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை கீழ்த்தளங்கள் மூழ்கின என்பது உங்களுக்கே தெரியும். தண்ணீர் வராவிட்டாலும் ரவையில் புழுவும் கடலையில் வண்டும் வரும்.

இந்த முறை அக்டோபரில் செய்யுங்கள், தவறில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறைதான் முடியும் என்றால் நான் மே மாதத்தைச் சொல்வேன். பள்ளி நாட்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு உண்டு, தொடக்கப் பள்ளி என்றால் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் உண்டு. கோடை விடுமுறையில் அந்த இரண்டு வேளையும் வீட்டின் தலையில் விழும். கடலோரக் குப்பம் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்.

பை கட்டும் நாள்

15க்கு 20 அடி கூடம் ஒன்று, நீள மேசை நான்கு, தராசு ஒன்று, ஆட்கள் 12 பேர். 40 பைகளை இரண்டரை மணி நேரத்தில் முடிக்கலாம். ஆள் கூடினால் வேலை வேகமாகும் என்று எண்ணி 30 பேரை அழைத்தால் பேச்சுத்தான் நடக்கும்.

முதல் மேசையில் இரண்டு பேர் தேதி பார்க்கட்டும். காலாவதித் தேதி தெளிவாக இல்லாதது, உப்பிய பாக்கெட், ஓட்டை விழுந்தது, எண்ணெய்ப் பிசுக்குள்ளது எல்லாம் தனிப் பெட்டிக்கு. இரண்டாவது மேசையில் பொருள்வாரியாகக் குவியல். மூன்றாவது, நான்காவது மேசைகளில் பை நகரும், ஆள் நகரக் கூடாது. ஒவ்வொருவரும் தன் முன்னாலுள்ள இரண்டு மூன்று பொருளை மட்டும் போட்டு அடுத்தவரிடம் தள்ள வேண்டும். கூடை வைத்துக்கொண்டு ஆளே சுற்றிவந்து பொருள் எடுத்தால் மூன்றாவது பையிலேயே புளி விட்டுப்போகும். கடைசியில் நிற்பவரின் கையில் ஒரு எடைக் கணக்கு இருக்கட்டும். சரியான பை ஒன்றை முதலில் நிறுத்திப் பார்த்து, அந்த எடையிலிருந்து 200 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரித்துப் பாருங்கள். பட்டியலை வைத்து ஒவ்வொரு பையையும் சரிபார்ப்பதைவிட இது பத்து மடங்கு வேகம். பத்துப் பை முடிந்ததும் குவியலில் மிச்சத்தையும் எண்ணுங்கள். கணக்கு தவறியிருந்தால் பத்துப் பையைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும், நாற்பதை அல்ல.

சோப்பும் நாப்கினும் தனிப் பையில் போக வேண்டும், உணவுப் பையோடு சேர்க்கவே கூடாது. இரண்டு நாள் ஒன்றாக இருந்தால் ரவையும் டீத்தூளும் சோப்பு வாசனை ஏறிப் பாழாகும், இந்த ஒரு தப்பில்தான் நிறையப் பொருள் குப்பைக்குப் போகிறது. எண்ணெய் பாக்கெட் இரண்டையும் ஒரு தாளில் சுற்றி, ஓரமாக நிற்கவையுங்கள். அடியில் வைத்தால் பருப்பின் கனத்தில் பிதுங்கும், மேலே வைத்தால் கவிழும். உப்பு அடியில், பொடிகள் மேலே. பை துணிப் பையாக இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளுக்குத் தடை, சங்கத்தின் பெயரில் அபராதம் கட்ட வேண்டாம். மஞ்சப்பை மொத்தமாக வாங்கினால் மலிவு, ஆனால் 10 கிலோ தாங்குமா என்று ஒன்றில் எடை போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பையில் சங்கத்தின் பெயரை அச்சிடாதீர்கள், அந்தப் பையோடு அவர்கள் தெருவில் நடக்க வேண்டும்.

கொடுப்பது

இங்கேதான் உயிர் போகும் அளவுக்குத் தவறு நடக்கிறது, மிகையில்லை. 2005 டிசம்பர் 18 அதிகாலையில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கன் வாங்கக் கூடிய கூட்டம் ஒரு பள்ளி வாசலில் நெரிந்து 42 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் தனியார் ஒருவர் தைப்பூசத்துக்கு இலவச வேட்டி சேலைக்காக டோக்கன் கொடுத்த இடத்தில் 4 பெண்கள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் பொருள் கொடுக்கும்போது அல்ல, டோக்கன் கொடுக்கும்போதே நெரிசல். தீர்ந்துவிடும் என்ற பயமும் ஒரே ஒரு வாசலும் சேர்ந்தால் போதும், நூறு பேர் இருந்தாலும் ஆபத்துதான்.

ஆகவே விழா வேண்டாம், மேடை வேண்டாம், ‘வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற அறிவிப்பே வேண்டாம். பட்டியல் உங்களிடம் இருக்கிறது, வீடு தெரியும். மாலை 6 மணிக்கு மேல், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, வாசலில் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டு பேர் ஒரு குழு, ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது, ஒரு குழுவுக்கு 8 வீடுகள். ஆட்டோவையோ சின்ன லோடு வண்டியையோ தெருமுனையில் திறந்துபோட்டு நிறுத்தாதீர்கள். கூட்டம் வண்டியைப் பார்த்துத்தான் சேரும். எட்டுப் பையை மட்டும் ஏற்றிக்கொண்டு போங்கள். பட்டியலில் இல்லாத யாராவது நிச்சயம் கேட்பார்கள். அதற்காகவே 40க்கு மேல் 4 பைகள் கூடுதலாகக் கட்டி, வண்டியில் ஏற்றாமல் கூடத்திலேயே வைத்திருங்கள். பெயரையும் வீட்டையும் குறித்துக்கொண்டு, மறுநாள் விசாரித்து, கொடுங்கள். அந்த இடத்திலேயே கொடுத்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் இருபது பேர் நிற்பார்கள்.

புகைப்படம் எடுப்பதாக இருந்தால் கட்டி அடுக்கிய பைகளை எடுங்கள். வாங்குபவரின் முகத்தை எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்கு ஆதாரம் வேண்டுமென்றால் பில்லும் இருப்புக் கணக்கும் போதும்.

தேர்தல் அறிவித்துவிட்டால் நடத்தை விதி முடியும்வரை தள்ளிப்போடுங்கள். பறக்கும் படை வண்டியை நிறுத்தி, ஒரே மாதிரி நாற்பது பைகளைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தோடு மளிகை வாங்கப் போனாலும் அதே சிக்கல். மற்ற நேரங்களில் வார்டு உறுப்பினருக்கும் காவல் நிலையத்துக்கும் வாய்வார்த்தையாகத் தகவல் சொல்வது போதும். கொடியையும் பேனரையும் மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சமைத்த சாப்பாடு

வெள்ளம் வந்தால் மளிகைப் பை உதவாது, பொட்டலம்தான் வேண்டும். இது வேறு வேலை, வேறு ஆட்கள். குடியிருப்பில் வீட்டுக்கு ஐந்து பொட்டலம் என்று சமைத்துத் தரச் சொல்வது பார்க்க அழகான யோசனை, நடைமுறையில் ஆபத்து. ஒரு வீட்டில் காலை 8 மணிக்கே கட்டிவைத்திருப்பார்கள், இன்னொரு வீட்டில் தேங்காய்ச் சட்னி வைத்திருப்பார்கள், எது கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரே இடத்தில், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ உள்ள சமையல்காரரை வைத்துச் சமையுங்கள்.

100 பேருக்குச் சாம்பார் சாதம்: அரிசி 8 கிலோ, துவரம்பருப்பு 2.5 கிலோ, காய் 5 கிலோ, சின்ன வெங்காயம் 1 கிலோ, தக்காளி 1.5 கிலோ, புளி 400 கிராம், சாம்பார்ப் பொடி 400 கிராம், எண்ணெய் 1 லிட்டர், புளித்தண்ணீரும் சேர்த்து 42 லிட்டர் தண்ணீர், உப்பு அரை கிலோ அளவில் போட்டு ருசி பார்த்து. 80 லிட்டர் அண்டா வேண்டும். ஆளுக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் வரும். கூட ஒரு அவித்த முட்டை, ஓடு உரிக்காமல். உரித்தால் மூன்று மணி நேரத்தில் வழவழக்கும்.

சாதத்தில் சமையலுக்குப் பிறகும் உயிரோடிருக்கும் ஒருவகை நுண்ணுயிர் உண்டு. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி, வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில்தான் அது பெருகி நஞ்சைச் சுரக்கிறது. பிறகு திரும்பச் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே அண்டாவிலிருந்து சூடாகக் கட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடும் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தெருவில் தண்ணீர் தேங்கி, போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாத நாளில் புளியோதரையோ எலுமிச்சை சாதமோ போடுங்கள், புளிப்பு ஓரளவு காக்கும். தேங்காய் சாதம், பொங்கல், உருளைக்கிழங்கு மசியல் வேண்டாம். தயிர்சாதம் வேண்டுமென்றால் கடைசிக் கணத்தில் கலந்தது மட்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் கட்டிய நேரத்தையும் ‘எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும்’ என்பதையும் பேனாவால் எழுதுங்கள். வாங்கி ராத்திரிக்கு எடுத்துவைக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. வாழை இலையும் தாளும் வைத்துக் கட்டுவது போதும். நெகிழித் தாளில் சூடான சாதம் வேண்டாம், தடையும் இருக்கிறது, வியர்த்து ஊசியும் போகும். கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதை எடுத்துக் கொடுப்பது தனிச் சங்கதி. மிச்ச உணவு விநியோகத்துக்கென்று 2019இல் தனி ஒழுங்குமுறை வந்திருக்கிறது, அதன்படி பதிவு செய்த அமைப்புகளிடம் விட்டுவிடுங்கள்.

பணக் கணக்கு

ஒருவருடைய சொந்த யுபிஐ எண்ணில் வாங்காதீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இரண்டாவது வாரம் பேச்சு வரும், வரித் துறைக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சங்கத்தின் வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. வருமான வரி விலக்குக்கான 80ஜி ரசீது கேட்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: குடியிருப்போர் சங்கத்துக்கு அந்தப் பதிவு பொதுவாக இருக்காது. பதிவுள்ள அறக்கட்டளை வழியாகப் போனாலும், பொருளாகக் கொடுத்ததற்கு விலக்கு கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கும் கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற மகனோ மகளோ அனுப்பும் பணத்தைச் சங்கக் கணக்கில் ஏற்காதீர்கள், அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை.

பொருளுக்கும் ஒரு நோட்டு வேண்டும்: வந்தது, வாங்கியது, கழித்தது, கட்டியது, மிச்சம். ஐந்து கட்டம். மிஞ்சிய பருப்பையும் எண்ணெயையும் பதிவு பெற்ற முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ அந்த வாரமே கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். ‘அடுத்த வருடத்துக்கு’ என்று ஒரு பாக்கெட் கூட வைக்க வேண்டாம்.

கொடுத்துப் பத்து நாள் கழித்து, ஐந்தாறு வீடுகளுக்கு ஒருவர் போய் வரட்டும். ‘பொருள் எல்லாம் நன்றாக இருந்ததா’ என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். ‘எது முதலில் தீர்ந்தது, எது இன்னும் இருக்கிறது’ என்று கேளுங்கள். பெரும்பாலும் எண்ணெயும் டீத்தூளும் முதலில் தீர்ந்திருக்கும், கொண்டைக்கடலை அப்படியே இருக்கும். ஊறவைத்து வேகவைக்க அவ்வளவு கேஸ் யார் செலவழிப்பார்கள்? அந்தப் பதிலை வைத்து அடுத்த முறைக்கான சீட்டுகளைத் திருத்திக்கொள்ளலாம்.